குளத்தில் இறங்கியும் சன்ஸ்கிரீன் கரையாதது ஏன்?

நீரைத் தாங்கும் வகை சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு குளத்தில் குதித்தாலும் அது உடனே கரைந்து போய்விடுவதில்லை. காரணம், அதில் கலந்துள்ள பாலிமர். சிறு மூலக்கூறுகளை மணிபோல் கோத்த நீண்ட சங்கிலி அது. பூசியதும் கிரீமிலுள்ள நீர் ஆவியாகிறது. சங்கிலிகள் நெருங்கி, ஒன்றோடொன்று பின்னி, மெல்லிய படலமாகின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளை அந்தப் படலம் தோலோடு பிடித்துவைக்கிறது.

இந்தப் பாலிமர் உடலுக்குள் போகுமா? 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் புண்ணில்லாத தோலை ஊடுருவுவது அரிது. பாலிமர்களோ பெரும்பாலும் பல ஆயிரம் டால்டன். தயாரிப்பின்போது இணையாமல் எஞ்சும் சிறு மூலக்கூறுகள்தான் கவனத்துக்குரியவை.

படலமும் நிரந்தரமல்ல. துண்டால் அழுத்தித் துடைத்தால் உரிந்துவிடும். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.