சரபோஜியின் அரியணை உரிமைப் பூசல்

இரண்டாம் சரபோஜியின் அரியணை உரிமைப் பூசல் என்பது தஞ்சாவூர் மராத்திய அரசில் 1787 முதல் 1798 வரை நீடித்த வாரிசுரிமைத் தகராறு ஆகும். தமக்கு வாரிசு இல்லாத நிலையில் மன்னர் துளஜாஜி, 1787 சனவரியில், போன்சலே மரபின் வேறொரு கிளையைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தார். சில நாட்களில் மன்னர் இறந்தார். சிறுவன் வளரும் வரை ஆட்சியைக் கவனிக்கும் பொறுப்பு, மன்னரின் மாற்றாந்தாய் மகனான அமர்சிங்கிடம் வந்தது.

அமர்சிங் அரியணையையே கோரினார். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை ஆளுநர் கேம்பல் பண்டிதர்களிடம் கருத்துக் கேட்டார். சரபோஜி தன் தந்தைக்கு ஒரே மகன், சுவீகாரத்திற்குரிய வயதையும் கடந்தவன்; ஆகவே சுவீகாரம் செல்லாது என்றனர் அவர்கள். அமர்சிங் மன்னரானார். அவருடைய தாய் முறைப்படி மணந்த அரசி அல்லர் என்ற குறை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

அரண்மனையில் சரபோஜி அடைத்து வைக்கப்பட்டான், கல்வியும் மறுக்கப்பட்டது. துளஜாஜி தம் மகனைக் கவனித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டிருந்த செருமானியப் பாதிரியார் சுவார்ட்ஸ், கும்பினியிடம் விடாமல் முறையிட்டார். 1793இல் சிறுவனும் துளஜாஜியின் விதவை அரசியரும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் காசி, வங்காளப் பண்டிதர்களிடம் அதே கேள்வி கேட்கப்பட்டது. சுவீகாரம் செல்லும் என்றனர். தஞ்சைப் பண்டிதர்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. சாத்திரம் மாறவில்லை, கேட்கப்பட்டவர்கள்தாம் மாறினர்.

இங்கிலாந்தில் 1066இல் மன்னர் ஹரால்டு போரில் மாண்டபின், ஆங்கிலோ-சாக்சன் பெருமக்கள் இளைஞன் எட்கரை அரசனாகத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் படை நார்மானிய வில்லியமிடம் இருந்ததால் எட்கர் முடிசூடாமலேயே பணிந்தான். தஞ்சையில் படை கும்பினியிடம் இருந்தது. அதன் ஆதரவால் 1798 சூனில் சரபோஜி முடிசூடினார்.

அதற்குரிய விலை விரைவிலேயே கேட்கப்பட்டது. 1799 அக்டோபர் உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கும்பினிக்குச் சென்றது. கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே சரபோஜிக்கு எஞ்சின. சரசுவதி மகால் நூலகத்தை அவர் வளர்த்தது இதன் பிறகே. ஓய்வூதியம் பெற்ற அமர்சிங் திருவிடைமருதூரில் தங்கி, 1802இல் இறந்தார்.

சுவார்ட்ஸ் முடிசூட்டைக் காணவில்லை; 1798 பிப்ரவரியிலேயே காலமானார். அவரது மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்கும் சலவைக்கல் புடைப்புச் சிற்பத்தைத் தஞ்சை சிவகங்கைப் பூங்காவிலுள்ள தேவாலயத்தில் காணலாம். அதைச் செய்வித்தவர் சரபோஜி. செதுக்கியவர் இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன்.