66 சி: கும்மிடிப்பூண்டியில் புவியியல், அன்றும் இன்றும்

கிழக்கு 80 டிகிரி தீர்க்கக்கோடு திருவள்ளூர் மாவட்டத்தின் ஊடே ஓடுகிறது. திருவள்ளூர் நகரம் கோட்டுக்கு மேற்கே. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, பழவேற்காடு எல்லாம் கிழக்கே. அதனால் இந்திய நில அளவைத் துறையின் டோப்போஷீட் எனும் நிலவரைபடத் தாள்களில் திருவள்ளூர் 57 ஓ வரிசையில் வரும், கும்மிடிப்பூண்டி 66 சி வரிசையில் வரும். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் புவியியல் சொல்லித்தர இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் 1, பிளஸ் 2 முறை வந்தது. அப்போது புவியியல் குரூப் எடுத்தவர்களுக்கு அந்த 66 சி எளிதில் கைக்கு வரவில்லை. நாட்டின் எல்லையையும் கடற்கரையையும் ஒட்டிய பகுதிகளின் தாள்கள் பாதுகாப்புக் காரணத்துக்காகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. செய்முறை வகுப்பில் மேசைமேல் விரித்தது பெரும்பாலும் எங்கோ உள்ள மலைப்பகுதியின் பழைய தாள். அதன் சமஉயரக் கோடுகளை டிரேசிங் பேப்பரில் எடுத்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, மதிப்பெண்ணும் வாங்கினார்கள். தட்டையான தம் சொந்த மண்ணில், ஓரிரு மீட்டர் உயர வித்தியாசம் ஒரு ஊரின் வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அந்த மலைத்தாள் சொல்லித்தரவில்லை.

வரைபடம் பூட்டிக் கிடந்தாலும் நிலம் திறந்து கிடந்தது. ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய பழைய செங்கல்பட்டின் வடபகுதி இது. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போவதைக் கரையில் நடந்தே பார்த்துவிடலாம். ஆரணியாற்று மணலிலும் கொசஸ்தலையாற்று வளைவிலும் யாரும் வழிமறிக்கவில்லை. இதே கொசஸ்தலை வடிநிலத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவர் நிலவியல் ஆய்வுத் துறைக்காரர். ஓடைகளின் வெட்டுமுகங்களை நடந்து நடந்து பார்த்தவர்.

அந்தக் காலப் பாடத்தில் எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. தொழிலகங்கள் ஏன் ஓரிடத்தில் அமைகின்றன என்பதற்கு ரூர் பள்ளத்தாக்கும் அமெரிக்கப் பேரேரிகளும் உதாரணமாக வந்தன. ஆனால் தொழில் வளாகங்களை அமைக்கும் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டு, பிறகு கும்மிடிப்பூண்டியிலும் வளாகம் அமைத்தது. ஜி.என்.டி. ரோடு, கூடூர் செல்லும் ரயில் பாதை, எட்டும் தொலைவில் சென்னைத் துறைமுகம், பக்கத்திலேயே ஆந்திர எல்லை: கோட்பாடு முழுவதும் பள்ளிக்கூட வாசலில் நின்றது. பாடம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை முதல் கதவைத் திறந்தது. 2009-இல் இஸ்ரோவின் இணைய வரைபடத் தளமான புவன் வந்தது. 2021 பிப்ரவரியில் வரைபடங்களுக்காக வந்த புதிய வழிகாட்டுதல்கள் மிச்சக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியைத் தளர்த்தின. 2018, 2019-இல் வந்த புதிய பாடநூல்களில் தொலையுணர்வும் ஜி.ஐ.எஸ்.ஸும் இருக்கின்றன. கவரைப்பேட்டைப் பிள்ளை போனில் தேர்வாய் கண்டிகையின் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து, கிருஷ்ணா நீரைத் தேக்க 2020-இல் திறந்த புதிய நீர்த்தேக்கம் அதில் நீலமாகத் தெரியும். எல்லைக்கு அப்பால் 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டியும் தெரியும். மாநில எல்லை ஒன்று இரண்டு பக்கமும் எப்படித் தொழிற்சாலைகளை இழுக்கிறது என்று அவளே கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் நடக்க முடியவில்லை. எங்கும் மதில், கேட், செக்யூரிட்டி. வரத்துக்கால்வாய் ஒரு மதிலுக்கடியில் நுழைகிறது. எங்கே வெளிவருகிறது என்பதை வானிலிருந்து எடுத்த படம் காட்டாது, அதில் தெரிவது கூரை மட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. மீனவர்களின் வலையிலும் படகிலும் எண்ணெய் அப்பியது. எந்த நீர் எதில் சேர்கிறது என்ற வடிகால் பாடத்தை அந்த நாட்களில் ஒரு வாரம் முழுக்க நடத்தியிருக்கலாம்.

மக்கள்தொகைப் பாடமும் அப்படியே. இடப்பெயர்வின் காரணங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஷிஃப்ட் முடிந்து இங்குள்ள டீக்கடையில் நிற்கிறார்கள். போரால் இடம்பெயர்ந்த இலங்கைத் தமிழர்களின் முகாம் இதே கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

இத்தனை இருந்தும் புவியியல் என்றால் மார்க் குறைந்தவர்கள் சேரும் ஆர்ட்ஸ் குரூப் என்ற பேச்சு ஓயவில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்த வட்டாரத்தில் நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படும் அளவுக்கு வேறெங்கும் தேவைப்பட மாட்டார்கள்.

சிப்காட்டிடம் வளாகத்தின் மனை வரைபடம் உண்டு. அதில் கால்வாய்களையும் வடிகால்களையும் குறித்து ஒரு பிரதி எடுத்து, சுற்றியுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளின் புவியியல் வகுப்பில் மாட்டட்டும். ஆண்டுக்கு ஒரு நாள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, பிளஸ் 2 பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு மதிலுக்குள் போய்க் கால்வாயோடு நடக்க கேட்டைத் திறந்துவிடட்டும்.