சேலம் வெயிலில் ஸ்ட்ராபெரி டனல்: பர்சனல் லோன் எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



என் சித்தப்பா பையன் பெங்களூர்ல ஐ.டி. வேலையில இருக்கான். சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். போன மாசம் போன் பண்ணான். "அண்ணா, அப்பா நிலத்துல 25 சென்ட்ல டனல் போட்டு ஸ்ட்ராபெரி வைக்கப் போறேன். 8 லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. விவசாய வருமானத்துக்கு டாக்ஸ் கிடையாதுல்ல?"

உங்கள்ல நிறைய பேருக்கும் இதே எண்ணம் இருக்கும். அதனால அவன்கிட்ட சொன்னதை அப்படியே இங்க எழுதறேன்.

டனல் எதுக்கு?

வளைச்ச குழாய் மேல பிளாஸ்டிக் ஷீட். ஹீட்டர் கிடையாது. வெயில் சூட்டை உள்ளே பிடிச்சு வெச்சு, குளிர் நாடுகள்ல பழத்தைச் சில வாரம் முன்னாடியே பறிக்க வைக்கும். சந்தையில வேற யார்கிட்டயும் பழம் இல்லாதப்போ வித்தா நல்ல விலை. ஸ்பெயின்ல வெல்வா பகுதி இந்த வழியிலதான் ஐரோப்பாவுக்குப் பழம் அனுப்புது. அதாவது, டனல் மூலமா அவங்க வாங்கறது 'சூடு'.

நம்ம ஊர்ல சூட்டைக் காசு கொடுத்து வாங்கணுமா? ஸ்ட்ராபெரிக்கு 20 – 25 டிகிரி பகல், அதைவிடக் குளிர்ந்த ராத்திரி வேணும். சூடு ஏறினா செடி பூ விடறதைக் குறைச்சுட்டு ஓடுகொடி விட ஆரம்பிச்சிடும். சேலம், நாமக்கல் சமவெளியில ஜனவரி பகலே 30 டிகிரியைத் தொடும். பிளாஸ்டிக்குக்குள்ள இன்னும் கூடும். 2010-ல் புவிசார் குறியீடு வாங்கின மகாபலேஸ்வர் ஸ்ட்ராபெரி விளையறது 1,300 மீட்டருக்கு மேல. நம்ம சேலம் 300 மீட்டர்கூட இல்லை. கொடைக்கானல்ல விளையுதுன்னு வீடியோல பார்த்துட்டு ராசிபுரத்துல வைக்கக் கூடாது.

இன்னொண்ணு, பறிச்ச பழம் சில நாள்தான் தாங்கும். விலை ஏறட்டும்னு காத்திருக்க முடியாது.

பணக் கணக்கு

8 லட்சம், 12% வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 17,800 ரூபாய். மொத்தமா கட்டறது 10.68 லட்சம். நட்ட செடி காய்க்க ரெண்டு, மூணு மாசம் ஆகும். ஆனா இ.எம்.ஐ. அடுத்த மாசமே வந்து நிக்கும்.

"50% மானியம் இருக்கே?" இருக்கு. ஆனா அது உங்க பில்லுல பாதி இல்லை; சதுர மீட்டருக்கு அரசு நிர்ணயிச்ச செலவுல பாதி. பொதுவா வேலை முடிஞ்சு, ஆய்வு முடிஞ்ச பிறகுதான் வரும். அதுவரைக்கும் முழுப் பணமும் உங்க கையில இருந்துதான் போகணும்.

பயிர்ச் செலவுக்கு மட்டும்னா, நிலம் வெச்சிருக்கிற அப்பா பேர்ல கிசான் கிரெடிட் கார்டு பாருங்க. 3 லட்சம் வரைக்கும் 7% வட்டி. தவணை தவறாம கட்டினா 4%. பர்சனல் லோனுக்கும் இதுக்கும் வித்தியாசம் புரியுதா?

டாக்ஸ் இல்லையா? முழுசா அப்படி இல்லை

விவசாய வருமானத்துக்கு நேரடி வரி கிடையாது, உண்மை. ஆனா செலவு போக 5,000 ரூபாய்க்கு மேல விவசாய வருமானம் இருந்து, மத்த வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினா, ரெண்டையும் கூட்டித்தான் ஸ்லாப் பார்ப்பாங்க.

உதாரணம் (2025-26 நிதியாண்டு, புதிய முறை): கழிவு போக சம்பளம் 15 லட்சம். வரி 1,05,000. இப்ப விவசாயத்துல 2 லட்சம் லாபம்னு வைங்க.

• 17 லட்சத்துக்கு வரி: 1,40,000
• கழிக்க வேண்டியது, 6 லட்சத்துக்கு (4 லட்சம் வரம்பு + 2 லட்சம் விவசாயம்): 10,000
• கட்ட வேண்டியது: 1,30,000

'டாக்ஸ் இல்லாத' 2 லட்சத்தால கூடின வரி 25,000. செஸ்ஸோட 26,000. ரிட்டர்னும் ஐ.டி.ஆர்-1 போட முடியாது, ஐ.டி.ஆர்-2 போகணும்.

இதைவிட முக்கியமானது: பயிர் நஷ்டமானா அந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. லோன் வட்டியையும் கழிக்க முடியாது. லாபம் வந்தா ஸ்லாப் ஏறும், நஷ்டம் வந்தா முழுசும் உங்க தலையில.

நிலமும் அப்பாவோடது, உழைப்பும் அவரோடது, வித்த பணமும் அவர் கணக்குக்கே வருதுன்னா அது அவர் வருமானம். நீங்க அப்பாவுக்குக் கொடுத்த பணத்துக்கு கிளப்பிங் விதி வராது. ஆனா இது நிஜமா நடக்கணும், பேப்பர்ல மட்டும் இருந்தா ஆகாது.

அப்போ என்ன பண்ணலாம்?

நம்ம ஊர்ல காசு கொடுத்து வாங்க வேண்டியது நிழல். 5 சென்ட் ஷேட் நெட், குழித்தட்டு, தக்காளி, மிளகாய் நாத்து. தக்காளி நாத்து 25 நாள்ல விற்பனைக்குத் தயார். உள்ளூர் விவசாயிதான் வாடிக்கையாளர். நர்சரி நாத்து வருமானத்தையும் 2008-ல வந்த திருத்தம் விவசாய வருமானமாத்தான் பார்க்குது.

தம்பி லோனை வேண்டாம்னு சொல்லிட்டான். 5 சென்ட்டை அவன் சேமிப்புலயே ஆரம்பிக்கிறான். எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்கலை, அது ரொம்ப முக்கியம்.

நீங்களும் ஏதாவது விவசாய முதலீட்டு வீடியோ பார்த்தா மூணு கேள்வி கேளுங்க: இது எந்த ஊர் வெயில்ல எடுத்தது? மானியம் வர்ற வரைக்கும் யார் பணம்? ஒரு போகம் போனா இ.எம்.ஐ.யை எதுல கட்டுவேன்? மூணுக்கும் பதில் இருந்தா மட்டும் கையெழுத்து போடுங்க.