சிறுநீரகப் புற்றும் ஈசுரமூலியும்

சிறுநீரகப் புற்றுக்கள் யாவும் ஒரே வேகத்தில் வளர்வன அல்ல. சில ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். சில நுரையீரலையும் எலும்பையும் விரைந்து பற்றும். இவ்வேறுபாட்டின் காரணங்களுட் சில கலத்தினுள்ளே, மூன்றாம் நிறமூர்த்தத்தின் குறும்புயத்தில் உள்ளன. பெருவழக்கான தெளிகலப் புற்றில் முதலிற் கெடுவது 1993 இல் இனங்காணப்பட்ட வி.எச்.எல். என்னும் பரம்பரையலகாம். அது கெட்டால், ஒட்சிசன் போதியளவு இருந்தும், கலம் மூச்சுமுட்டியதுபோல் மயங்கிப் புதிய குருதிக்கலன்களை வருவிக்கும். ஆயினும் அதனால் மட்டும் புற்று மூர்க்கங் கொள்வதில்லை. அதே புயத்திலுள்ள பி.ஏ.பி.1 என்னும் பரம்பரையலகும் பழுதுபடுமிடத்து நோய் கொடியதாகி வாழ்நாள் குறுகுவதை 2012 தொட்டு வந்த ஆய்வுகள் காட்டின.

இத்தகைய பழுதுகளிற் சில வெளியிலிருந்து வருவன. அரிஸ்டோலோகிக் அமிலம் என்னும் தாவர நஞ்சு, பரம்பரைப் பொருளில் அடினின் நின்ற இடத்தில் தைமினை அமர்த்தும். அத்தழும்பு வேறொன்றுடன் எளிதில் மயங்காதது. ருமேனிய நோயாளர் பலரின் சிறுநீரகப் புற்றுக்களில் அது காணப்பட்டமை 2014 இல் வெளியாயிற்று. பால்கன் நாடுகளிற் கோதுமை வயலின் களையே ஐயத்துக்கு இலக்கானது. நம் நாட்டிலோ அந்நஞ்சு மருந்தென்னும் பெயரோடு நிற்கின்றது. ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதனைக் கொண்டவை. யூனானி வைத்தியர் ஸராவந்த் என வழங்குவதும் அவ்வினமே. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளில் நாட்டு வைத்தியமும் யூனானியும் அருகருகே வாழ்வன. ஆதலின் இச்செய்தி இரு சாராருக்கும் உரியது. முன்னோர் கைக்கொண்ட மூலி என்பதனால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. அவ்வினச் செடி சேர்ந்த மருந்துகள் புற்று விளைப்பன எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002 இல் வகுத்தது. தீங்கு வெளிப்படப் பல்லாண்டு செல்லும். எனவே மருந்து கொடுத்தவரும் உண்டவரும் அதனை நோயோடு இணைத்துக் காண்பது அரிது.