சென்னையின் வெளிமான்: கிண்டியும் மயிலாப்பூரும்

வெளிமான் இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரிய புல்வெளி விலங்கு. சென்னை மாநகரின் நடுவே கிண்டி தேசியப் பூங்காவிலும், அதை ஒட்டிய ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. வளாகங்களிலும் இது இன்றும் கட்டின்றித் திரிந்து வாழ்கிறது.

காட்டுயிர்களைக் காணச் செல்லும் பயணத்தை இன்று உலகெங்கும் 'சஃபாரி' என்பர். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அரபியிலிருந்து அங்கே சென்ற சொல் அது. கென்யாவின் தலைநகரான நைரோபியில் 1946இல் அமைந்த தேசியப் பூங்கா 117 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மாடிக் கட்டடங்கள் பின்னால் தெரிய, அங்கே சிங்கம் பார்க்கலாம். கிண்டிப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். சிங்கம் இல்லை, ஜீப் பயணமும் இல்லை. ஆனால் காலையில் கிண்டியில் பார்த்த விலங்கை மாலையில் மயிலாப்பூரில் சிவபெருமானின் கையில் பார்க்கலாம். அந்த வசதி நைரோபியில் கிடையாது.

பெயர்களில் உள்ள செய்தி

இவ்விலங்குக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. இரலை என்பது சங்க இலக்கியச் சொல். கொம்பு திருகியிருப்பதால் திருகுமான். புல்லை மேய்வதால் புல்வாய். திறந்த வெளியில் வாழ்வதால் வெளிமான். கடைசி இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் இதன் வாழ்க்கை முறை பெரும்பாலும் விளங்கிவிடும்.

பேச்சு வழக்கில் மான் என்றாலும், உயிரியல் வகைப்பாட்டில் வெளிமான் புள்ளிமானின் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று; ஆடு மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. வேறுபாட்டைக் கொம்பிலேயே காணலாம். புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டிருக்கும். விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைவிடாது, திருகுத் திருகாக நீண்டு வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். வளர்ந்த ஆணின் முதுகு கருமை, வயிறு வெண்மை. பெண்ணும் குட்டியும் வெளிர் பழுப்பு நிறம்.

புள்ளிமான் புல்லும் மேயும், தழையும் தின்னும். மர நிழலில் மறைந்து நிற்கவும் அதற்குத் தெரியும். வெளிமான் ஒளிந்து தப்பும் விலங்கு அன்று. பகையைத் தொலைவிலேயே கண்டு, நான்கு கால்களும் தரையை விட்டெழத் துள்ளி, பிறகு ஓட்டத்தால் தப்பும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்கூட அதற்கு எட்டும். பார்வை மறைந்தால் இந்த உத்தி பயன்படாது. எனவே புதர் மண்டிய இடத்தில் அது தங்குவதில்லை.

குறைந்துவந்த நிலம்

இன்றைய கிண்டிப் பூங்கா, ஒருகாலத்தில் ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்பில் இருந்த காட்டின் எஞ்சிய பகுதி. ஆங்கிலேய அரசு 1821இல் இதைத் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1910இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு காந்தி மண்டபம் எழுந்தது. 1958இல் ஐ.ஐ.டி.க்காக ஒரு பெரும் பகுதி பிரிக்கப்பட்டது. தொடர்ந்து ராஜாஜி, காமராசர் நினைவிடங்களுக்கும் பிற நிறுவனங்களுக்கும் நிலம் சென்றது. எஞ்சியது 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. எடுத்துக்கொண்ட நிலம் வீணாகப் போனது என்று எவரும் சொல்ல முடியாது. கல்வியும் மருத்துவமும் வந்தன. ஆனால் கட்டடம் கட்ட முதலில் கண்ணில் படுவது மரமில்லாத வெட்டவெளிதான். வெளிமானின் வீடும் அதுவே.

இரண்டாவது நெருக்கடி மரங்களால் வருகிறது. சீமைக்கருவேலம் போன்ற அயல் தாவரங்கள் புல்வெளிக்குள் பரவினால் புல் குறைகிறது, பார்வை மறைகிறது. மரம் நடுதல் நற்செயல் என்று பள்ளிப் பாடங்கள் சொல்லித்தருகின்றன. புல்வெளியும் ஒரு முழுமையான இயற்கைச் சூழல் என்று சொல்லித்தருவது குறைவு. புல்வெளியைக் காப்பாற்ற, முளைத்துவரும் புதர்களை அவ்வப்போது அகற்றியே ஆகவேண்டும். கிண்டியில் இன்று புள்ளிமான்கள் மிகுதியாகவும் வெளிமான்கள் மிகக் குறைவாகவும் இருப்பதற்கு இந்த வாழிட மாற்றம் ஒரு முக்கியக் காரணம்.

தெருநாய்கள் குட்டிகளைத் துரத்துகின்றன. உணவு ஒட்டிய பிளாஸ்டிக் பைகளை விழுங்கி மான்கள் இறந்ததும் உண்டு. சுற்றிலும் சாலையும் வீடுகளும் சூழ்ந்திருப்பதால் வெளியிலிருந்து புதிய மான் வந்து சேர வழியில்லை. சிறு கூட்டம் தனக்குள்ளேயே இனம் பெருக்கினால் நாளடைவில் வலு குன்றும்.

தமிழகத்தில் வெளிமானுக்கு வேறு இடங்களும் உண்டு. கோடியக்கரைச் சரணாலயம் 1967இலும், தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு சரணாலயம் 1987இலும் இதற்காகவே ஏற்பட்டவை. வேடிக்கை என்னவென்றால், வேட்டைக்காக வெளிநாடு கொண்டுசெல்லப்பட்ட வெளிமான்கள் அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் பெருகியிருக்கின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு அளிக்கிறது; வேட்டையாடுவது கடும் குற்றம்.

இறைவன் கையில்

தாருகாவன முனிவர்கள் வேள்வியில் எழுப்பி ஏவிய மானைச் சிவபெருமான் கையில் ஏந்திக்கொண்டார் என்பது புராணம். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் போன்ற திருமேனிகளில் மேல் வலக்கையில் மழுவும் மேல் இடக்கையில் மானும் இருக்கும். அந்த மான் பெரும்பாலும் கால்களைத் தூக்கித் துள்ளும் நிலையில் அமைந்திருக்கும். வெளிமானின் துள்ளலை நேரில் கண்டவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. உபநயனத்தின்போது பூணூலில் சிறு மான்தோல் துண்டைக் கட்டும் வழக்கமும் கிருஷ்ணமிருகம் எனப்படும் இவ்விலங்கைச் சார்ந்ததே.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் உயிரினத் தொடர்பு மானோடு முடிவதில்லை. உமையம்மை மயிலுருவில் வழிபட்ட தலம் இது, தலமரம் புன்னை. கடற்கரை மணலில் நன்கு வளரும் மரம் அது. மயிலும் புன்னையும் தலபுராணத்தில் இடம்பெற்றிருப்பது, பழைய மயிலாப்பூரின் நிலம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க உதவுகிறது.

காணச் செல்வோர்க்கு

தேசியப் பூங்காவின் உட்பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஐ.ஐ.டி. வளாகமும் சுற்றுலா இடம் அன்று. பொதுமக்கள் எளிதில் செல்லக்கூடியவை சர்தார் பட்டேல் சாலையில் உள்ள சிறுவர் பூங்காவும், 1972இல் ரோமுலஸ் விட்டேகரால் இங்கு அமைக்கப்பட்ட பாம்புப் பண்ணையும். சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மான்களுக்கு எந்தத் தின்பண்டமும் கொடுக்கக் கூடாது.

கோயிலில் அலங்காரத்தின்போது மாலைகளுக்குள் மான் மறைந்துவிடுவது வழக்கம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் அலங்காரம் இல்லாத சிற்பங்களை அருகிலிருந்து பார்க்கலாம். நண்பகலில் கபாலீசுவரர் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் அந்த நேரத்தை எழும்பூருக்கு வைத்துக்கொள்வது நல்லது. அருங்காட்சியகத்துக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை.