உங்களுக்குத் தெரியுமா? வடசென்னை வெப்சைட்காரர்களுக்குச் சில சேதிகள்

ராயபுரம் கஸ்டம்ஸ் ஏஜென்ட், காசிமேடு மீன் ஏற்றுமதிக்காரர், எண்ணூர் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர் என யார் வெப்சைட் வைத்திருந்தாலும் இது உதவும்.

● டொமைன் பெயரை யாரும் ஒரேயடியாகச் சொந்தமாக வாங்க முடியாது. கடை வாடகை மாதிரி, கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கட்டலாம். அதற்காகக் கூகுளில் மேலே வருவோம் என்று நம்ப வேண்டாம். மறந்துபோய்ப் பெயரை இழக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

● டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதையும் கோட்டைவிட்டால் அடுத்த 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். பிறகு முந்துகிறவருக்கே சொந்தம்.

● கெடுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. அந்த மெயில் யாருக்குப் போகிறது? சைட் செய்துகொடுத்த பையனுக்கா, வேலையை விட்டுப்போன கணக்காளருக்கா? பதிவு உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் செல் நம்பரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

● டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது சென்னையின் சத்யம் இன்ஃபோவே. அதன் ‘சிஃபி’ என்ற வணிகப் பெயரில் ஆங்கில ‘எஃப்’ ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து இன்னொரு நிறுவனம் பெயர் பதிந்திருந்தது. சத்யம் ஜெயிக்க உதவியது, முதலில் அந்தப் பெயரில் வியாபாரம் செய்து பேர் வாங்கியதற்கான ஆதாரம். பழைய பில்புக், விளம்பரம், விசிட்டிங் கார்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

● டாட் இன் பெயரில் தகராறா? கோர்ட்டுக்குப் போகாமலே, டாட் இன்னை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பு நியமிக்கும் நடுவரிடம் முறையிடலாம்.

● திருவொற்றியூரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். பிரவுசரில் நேரே அடிக்கும் முகவரிக்கு அந்தக் கருணை கிடையாது. ஓர் எழுத்து பிசகினால் வேறு கடை. ஊர்ப் பெயரை டொமைனில் வைத்தால், மக்கள் வழக்கமாக அடிக்கும் இரண்டொரு எழுத்துக்கூட்டலையும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.

● எண்ணூர் துறைமுகம் 2014-ல் காமராஜர் துறைமுகம் ஆனது. லாரி டிரைவர் வாயில் இன்னும் எண்ணூர் போர்ட்தான். தேடுகிறவர் எதை அடிப்பார் என்று சொல்ல முடியாது. உங்கள் பக்கத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும்.

● உலக அளவில் 2007-ல் 11 மொழிகளில் டொமைன் பெயரைச் சோதித்தபோது தமிழும் ஒன்று. சோதனை முகவரி: உதாரணம்.பரிட்சை. இன்று ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ் முகவரியே வாங்கலாம். ஆனால் தமிழ் மெயில் முகவரியை ஏற்காத படிவங்கள் இன்னும் நிறைய. ஆங்கிலப் பெயரையும் கைவசம் வையுங்கள்.

● லேத் பட்டறை சைட்டைத் திறந்தால் பளபளவென்று ஒரு போஸ்டர்: ‘ஷாஃப்ட், புஷ், கியர் கட்டிங்’. அந்த எழுத்தின் மேல் மவுஸை வைத்து இழுங்கள். எழுத்து நீலமாகவில்லையா? அது படம். படத்துக்குள் இருப்பதைத் தேடுபொறி எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. வேலை வகை, ஏரியா, போன் நம்பர் மூன்றையும் டைப் செய்து போடுங்கள்.

● பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களை எழுதிவைக்கும் ‘கீவேர்டு டேக்’கை நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்கிறார்களா? வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

● கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது இலவசம். பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்தே வரிசை. பெயர்ப்பலகையில் உள்ள பெயரையே போடுங்கள். ‘நம்பர் ஒன் கிரேன் வாடகை ராயபுரம்’ என்று வால் ஒட்டுவது விதிமீறல்.

● டொமைனை மாற்றினால் பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பும் ‘301’ ஏற்பாட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எனவே பழைய டொமைனுக்கும் ரினியூவல் கட்டுங்கள்.

● ‘உங்கள் டொமைன் காலாவதி, உடனே பணம் கட்டவும்’ என்று முன்பின் தெரியாத கம்பெனி இன்வாய்ஸ் அனுப்பினால் லிங்கைத் தொடாதீர்கள். பதிந்த நிறுவனத்தின் தளத்துக்கு நேரே போய் லாகின் செய்து தேதியைப் பாருங்கள்.