வேடமே பெயரானவர்கள்

தமிழ் பேசும் படத்தின் முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் நாயகன் நாயகியைச் சுற்றி நின்று கதையைத் தாங்கியவர்கள் பலர். சதிகார மந்திரி, சாபமிடும் முனிவர், எசமானைத் திணறடிக்கும் வேலைக்காரன், வாசலில் நின்று வம்பளக்கும் அத்தை என்று அவர்கள் போடாத வேடம் இல்லை. திரையில் வந்ததும் முகம் தெரிந்துவிடும். பெயர் மட்டும் நாக்கு நுனியில் நின்றுகொள்ளும். குணச்சித்திர நடிகர்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் இவர்களைத் தேடிப் பார்ப்பதும், பெயரும் படமும் ஆண்டும் குறித்து வைப்பதும், ஒரு காட்சியில் அவர்கள் செய்ததைப் பேசிப் பேசி ரசிப்பதும் பழைய படப் பிரியர்களிடையே ஒரு தனிப் பழக்கமாக இருந்துவருகிறது. நாயகர்களுக்கு மன்றமும் சிலையும் உண்டு. இவர்களுக்கு இருப்பது இந்த ரசிகர்களின் நினைவு மட்டுமே.

துணை வேடத்தை ரசிக்கும் மனம் சினிமாவோடு வந்ததல்ல. திருவண்ணாமலை வட்டாரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். செய்யாறு பக்கத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் தெருக்கூத்தால் பெயர் பெற்ற ஊர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும் பகுதி இது. அந்தக் கூத்தில் தருமனைவிடத் துரியோதனனுக்கும் துச்சாதனனுக்கும்தான் எடுப்பான வேடம். அவர்கள் திரைக்குப் பின்னாலிருந்து பாடி ஆடி வெளிவரும் நேரத்துக்காகச் சனம் தூக்கத்தை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கதைக்குள் புகுந்தும் வெளியே வந்தும் அரசனையே கேலி செய்யும் கட்டியங்காரன் இல்லாமல் கூத்தே நடக்காது. கெட்டவனை வெறுத்துக்கொண்டே அவன் ஆட்டத்தை மெச்சத் தெரிந்த கூட்டம்தான் பின்னர் டூரிங் டாக்கீசின் மணல் தரையிலும் உட்கார்ந்தது.

தென்னிந்தியாவில் கதைப்படம் எடுத்த முன்னோடியும், இந்தப் பகுதி அடங்கிய அன்றைய வட ஆர்க்காட்டுக்காரர்தான். வேலூரில் பிறந்து, சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார், 1910-களின் பிற்பகுதியில் ‘கீசக வதம்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். அடுத்து அவர் கையிலெடுத்தது திரௌபதி துகிலுரிதல். இரண்டுமே கூத்து மேடை நன்கறிந்த கதைகள், இரண்டிலும் கதையை நகர்த்துவது எதிர்வேடம். ‘கீசக வத’த்தில் கீசகனாக நடித்தவர் ராஜு முதலியார், திரௌபதியாக ஜீவரத்தினம். பெயர்கள் தங்கிவிட்டன. அவர்கள் எப்படி நடந்தார்கள், கீசகன் கண்ணை எப்படி உருட்டினான் என்று பார்க்க இன்று ஒரு துண்டுப் படச்சுருள்கூட இல்லை.

இந்த இழப்பின் அளவு தெரிந்தால்தான் ரசிகர்கள் ஏன் இப்படி ஒவ்வொரு பெயரையும் பொறுக்கிச் சேர்க்கிறார்கள் என்பது விளங்கும். அன்றைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், வெக்கையில் நைந்து பொடியாகும். ஓடி முடிந்த படத்துக்கு மறு மதிப்பு இல்லையென்று, சுருளைக் கரைத்து அதிலிருந்த வெள்ளியை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1931-இல் வந்த முதல் தமிழ் பேசும் படமான ‘காளிதாஸ்’ இன்று கிடையாது. தென்னிந்திய மௌனப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ பிழைத்ததும் ஒரு விபத்தால்தான். படத்தின் மூல நாவலின் பதிப்புரிமை பற்றிய வழக்கில் படம் முடக்கப்பட்டு, பதிப்பகத்தின் வசம் கிடந்ததால் அது அழியாமல் தப்பியது. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தொடங்கப்பட்டது. அதற்குள் போனது போய்விட்டது. ஹாலிவுட்டிலும் கதை ஏறக்குறைய இதுதான். அமெரிக்க மௌனக் கதைப்படங்களில் சுமார் 70 விழுக்காடு முற்றாக அழிந்துவிட்டதென்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஸ்நிட்ஸ் எட்வர்ட்ஸ் போன்ற சின்ன உருவமும் கோணல் முகமும் கொண்ட துணை நடிகர்களை அங்கே தேடித் தேடிக் கொண்டாடும் ரசிகர்களுக்கும், இங்கே பழைய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும் ரசிகர்களுக்கும் ஆற்றாமை ஒன்றேதான்.

பேசும் படம் வந்தபோது நடிகர்களை அனுப்பித் தந்தவை நாடக சபைகள், குறிப்பாகச் சிறுவர்களை வைத்து நடத்தப்பட்ட பாய்ஸ் கம்பெனிகள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடம் பிரித்துப் பயிற்சி நடக்கும். குரல் உடைந்த பையன் ஸ்திரீபார்ட்டிலிருந்து வேறு வேடத்துக்கு மாற வேண்டும். ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் இன்னொருவர் அந்த இரவே அவருடைய பாடத்தைச் சொல்ல வேண்டும். இப்படி எல்லா வேடத்தையும் தொட்டுப் பழகியதால்தான், பாட்டுக்குப் பேர்போன நாயகர்களைவிடத் துணை வேடக்காரர்களிடம் நடிப்பு கூடுதலாக இருந்தது. 1930-களின் படங்களை இன்று பார்ப்பவர்களுக்கு இது உடனே தெரியும். நாயகன் கேமராவைப் பார்த்து நின்று பாடிக்கொண்டிருப்பார், பக்கத்தில் நிற்பவர் கதாபாத்திரமாக வாழ்ந்துகொண்டிருப்பார்.

காளி என். ரத்தினம் அந்த வழியில் வந்தவர். ‘கோவலன்’ நாடகத்தில் போட்ட காளி வேடம் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இளம் நடிகர்களுக்குப் பயிற்சி அளித்தார். எம்.ஜி.ஆர். அவரைத் தம் ஆசானாக மதித்தார். 1941-இல் வெளியான ‘சபாபதி’யில் பம்மல் சம்பந்த முதலியாரின் கதைக்கு எசமான் சபாபதி டி. ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரன் சபாபதி ரத்தினம். சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுக்கும் அப்பாவி வேடம் அது. ரத்தினம் சிரிப்பு மூட்ட முயல்வதே இல்லை. எசமான் சொல்வதை முழுக் கவனத்தோடு கேட்டு, புரிந்துகொண்டுவிட்ட திருப்தி முகத்தில் பரவ, தவறான காரியத்தைச் செய்யக் கிளம்புவார். எண்பது ஆண்டு கழிந்தும் அந்தக் காட்சிகள் பழசாகாததற்கு அந்தத் திருப்திதான் காரணம். அவரோடு இணைந்து நடித்த சி. டி. ராஜகாந்தம் நெடுங்காலம் நடித்தார். 1990-களின் பிற்பகுதியில் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரில் வந்த முதியவளைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் ‘சபாபதி’யின் ராஜகாந்தம் என்று தெரிந்திருக்கும்?

இந்த வரிசையில் டி. எஸ். பாலையாவுக்குத் தனி இடம் தர வேண்டும். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் வில்லனாக அறிமுகமானார். எம்.ஜி.ஆரும் என். எஸ். கிருஷ்ணனும் திரைக்கு வந்த அதே படம். மறுவருடம் ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதரோடு வாள்வீசிய ருத்ரசேனன். அன்றைய வில்லன்கள் உறுமுவார்கள். பாலையா நயமாகப் பேசுவார். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, அடுத்த சொல்லைக் கொஞ்சம் சப்பிச் சாப்பிட்டு வெளியே விடுவார். அந்தப் பேச்சு நயத்தை வைத்தே பிற்காலத்தில் வேறு தளத்துக்குப் போனார். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் அவருக்குக் கதை சொல்லும் காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. அதில் பேசுவது நாகேஷ், கேட்பது பாலையா. பயம், ஆவல், எரிச்சல், பெரிய மனிதனின் மரியாதை போய்விடக் கூடாதே என்ற தவிப்பு எல்லாம் அந்த ஒரு முகத்தில் மாறி மாறி ஓடுகின்றன. கேட்பவர் சரியாகப் பயப்படாவிட்டால் சொல்பவரின் கதை அங்கேயே படுத்திருக்கும். மறு ஆண்டில் ‘திருவிளையாடல்’ படத்தின் ஹேமநாத பாகவதர். பாடும் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, ஆனால் வித்துவச் செருக்கு முழுக்கப் பாலையாவின் தோளிலும் புருவத்திலும் இருக்கிறது. 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் தவில் வித்துவான் முத்துராக்கு. வில்லனாகத் தொடங்கிய ஒருவர் முப்பது ஆண்டுகளில் இத்தனை தூரம் வந்ததைப் போல இன்னொரு பயணத்தை அந்தத் தலைமுறையில் காட்டுவது கடினம்.

டங்கன் இங்கே தவிர்க்க முடியாதவர். ஓஹையோவிலிருந்து வந்த அமெரிக்கர், தமிழ் அறியாதவர். வசனம் புரியாத இயக்குநருக்கு முகம்தான் பிடிமானம். நாடக மேடையின் தூரத்திலிருந்து பார்த்துப் பழகிய நடிப்பை அவர் கேமராவின் அருகாமைக்குக் கொண்டுவந்தார், குளோசப்பைத் துணை நடிகர்களுக்கும் கொடுத்தார். ‘அம்பிகாபதி’யில் கம்பராக வந்த செருகளத்தூர் சாமாவின் கம்பீரம் அப்படிப் பதிவானதுதான். டங்கனின் கடைசித் தமிழ்ப் படங்களில் ஒன்றான ‘மந்திரி குமாரி’ (1950) எஸ். ஏ. நடராஜனுடையது என்றே சொல்லலாம். நாயகன் எம்.ஜி.ஆர்., வசனம் மு. கருணாநிதி, ராஜகுருவாக நம்பியார். ஆனால் படம் முடிந்ததும் நினைவில் நிற்பவன் கொள்ளைக்காரன் பார்த்திபன். மனைவியை மலையுச்சிக்கு ஆசையாக அழைத்துச் சென்று தள்ளிவிட நினைப்பவன், சாகுமுன் அவனைச் சுற்றிவர அனுமதி கேட்ட அவளாலேயே தள்ளப்பட்டு விழுகிறான். குண்டலகேசியிலிருந்து வந்த அந்தக் காட்சியில் மாதுரி தேவியும் நடராஜனும் காட்டும் நிதானம் இன்றும் குளிரடிக்க வைக்கிறது. நடராஜன் பிறகு படங்களும் இயக்கினார். அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு. இது பெரிய அநியாயம்.

வேடம் பெயரோடு ஒட்டிக்கொள்வது தமிழ் ரசிகர்கள் தந்த பட்டம். பிரெஞ்சு நாவலான ‘லே மிசராப்ள’வைத் தழுவிய ‘ஏழை படும் பாடு’ (1950) படத்தில் நாகையாவை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பு ஹாலிவுட்டில் சார்லஸ் லாட்டன் செய்த வேடம் அது. அன்று முதல் அவர் ஜாவர் சீதாராமன். சட்டம் படித்தவர், எழுத்தாளர். பாடலே இல்லாமல் வந்த ‘அந்த நாள்’ (1954) படத்தின் எழுத்தும் அவருடையது, அதில் கொலையைத் துப்பறியும் அதிகாரியும் அவரே. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் அவருடைய பார்வையில்தான் அந்தப் படத்தின் இறுக்கம் நிற்கிறது. பின்னாளில் ‘உடல் பொருள் ஆனந்தி’ தொடர்கதையால் பத்திரிகை வாசகர்களிடமும் புகழ்பெற்றார். அப்போதும் ஜாவர் அவரை விட்டுப் போகவில்லை.

பெண்களின் நிலை இன்னும் மங்கலானது. ஆண் வில்லனுக்காவது சண்டைக் காட்சி உண்டு. மாமியார், சிற்றன்னை, தாசியின் தாய் ஆகிய வேடங்களைப் போட்டவர்களுக்குத் திட்டு மட்டுமே கிடைத்தது. ‘சந்திரலேகா’வில் (1948) நடித்த எம். எஸ். சுந்தரிபாய் துடுக்குத்தனத்துக்குப் பேர்போனவர். இயக்குநரும் நடிகருமான கொத்தமங்கலம் சுப்புவின் மனைவி. அதே சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ படமானபோது, மகளைப் பணக்காரர்களிடம் சேர்க்கத் துடிக்கும் வடிவாம்பாளாக வந்தவர் சி. கே. சரஸ்வதி. அந்தத் தாய் கெட்டவள் அல்ல, வறுமைக்குப் பயந்தவள். அந்தப் பயத்தைக் கத்தலுக்கு நடுவிலும் தெரியவைத்தது அவருடைய திறமை.

இவர்களைத் தமிழ்நாடு மறக்காமல் இருந்ததற்குக் கண்ணைவிடக் காது பெரிய காரணம். வானொலியின் ஒலிச்சித்திரங்களும், கதை வசன இசைத்தட்டுகளும், திருவிழாவிலும் கல்யாணத்திலும் கட்டிய ஒலிபெருக்கிகளும் இந்தக் குரல்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோயின. படம் பார்க்காதவருக்கும் வசனம் மனப்பாடம். பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பு அப்படித்தான் பரவியது. ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும்போது அவர் சொல்லும் மூன்றே சொற்கள் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன.

அரசும் அமைப்புகளும் இவர்களைக் கண்டுகொள்ள நெடுங்காலம் பிடித்தது. ஆஸ்கரில் துணை நடிப்புக்கான பரிசு 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே உண்டு. அதை முதலில் பெற்ற வால்டர் பிரென்னன் மொத்தம் மூன்று முறை வென்றார். இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளில் அந்தப் பிரிவு 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் சேர்ந்தது. பாலையா 1972-லேயே காலமாகிவிட்டார்.

ஆக, பதிவு செய்யும் வேலை தனி மனிதர்கள் தலையில் விழுந்தது. அவர்களுக்குக் கைகொடுத்த முதல் ஆதாரம் பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற அந்த மெல்லிய தாளில் கதைச் சுருக்கமும் பாடல்களும் நடிகர் பட்டியலும் இருக்கும். படம் அழிந்துபோன பிறகு, யார் எந்த வேடம் போட்டார்கள் என்று சொல்வதற்குப் பல சமயம் அதுவொன்றே மிச்சம். ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன், மக்கள் தொடர்பாளராக வேலை செய்துகொண்டே தமிழ்ப் படங்கள் அத்தனைக்கும் தகவலும் புகைப்படமும் திரட்டினார். 2016-இல் அவர் மறைவதற்கு முன்பே அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. வழக்கறிஞரான ராண்டார் கை ஆங்கில நாளிதழில் பழைய படங்களைப் பற்றி வாராவாரம் எழுதி, மறந்துபோன நடிகர்களை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்தார். தியடோர் பாஸ்கரன் மௌனப் பட காலத்தையும் நாடக மேடையின் பங்கையும் ஆய்வு நூல்களாக்கினார். கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் சொந்த ஆர்வத்தில் சேர்த்த நூல்களையும் நோட்டீசுகளையும் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்களும் நாடக விளம்பரங்களும் பாதுகாக்கப்படுகின்றன. பெயர் தெரியாத ஒரு முகத்துக்குப் பெயர் தேடுபவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.